போகமாட்டோம்

‘எங்கும் போகமாட்டோம்’ என்று ஹரிசங்கர் எழுதிய பாட்டை, மட்டாஞ்சேரி மைதானத்தில் இரண்டாயிரம் பேர் அவனோடு சேர்ந்து பாடினார்கள். ஊரைவிட்டுப் பிழைக்கப் போக மனமில்லாத இளைஞர்களுக்காகப் பேசுவது அவனுடைய ராக் குழு ஒன்றுதான் என்றார்கள். கனடா விசா கைக்கு வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கச்சேரி முடிந்ததும் லதிகா என்ற நர்ஸ் அவனைத் தேடி வந்தாள்.

“சேட்டா, ஜெர்மனி போக எல்லாம் சரியாயிருந்தது. உங்க பாட்டைக் கேட்டுத்தான் வேண்டாம்னு வெச்சேன்.”

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “நான் அடுத்த மாசம் கனடா போறேன், லதிகா.”

அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். “களியாக்காதீங்க சேட்டா!”

மறுபடி சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. செல்ஃபி எடுக்க அவள் கைபேசியை நீட்டியபோது, அவனும் பக்கத்தில் நின்று சிரித்தான்.