ஞாயிற்றுக்கிழமை ஹேண்டோவர்

லூயிசாவுக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்தது பாஸ்டரம்மா சுனிதாதான். பெண்கள் ஞாயிறன்று பிரசங்க மேடையில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். வேலை, குடும்பம், சபை மூன்றையும் சமமாய் நடத்துவது எப்படி என்பதுதான் தலைப்பு.

“நம்ம சபையிலயே மூணையும் அழகா நடத்துறது நீங்கதான் சிஸ்டர்” என்று சுனிதா சொன்னபோது, வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று லூயிசா திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. மறுக்க வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வது அவளுடைய நெடுநாள் பழக்கம். இதற்கும் அப்படித்தான் தலையாட்டினாள்.

அவள் நடத்துகிற அழகைச் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூர் பக்கம் வைட்ஃபீல்டில் இறங்கி, அங்கே ஒரு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் நர்ஸ் வேலை. இருட்டிய பிறகு ஸ்கெலட்டன் என்று பேர் கொண்ட சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால், பதின்மூன்று வயது அமலா வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாள், கணவன் மாணிக்கராஜ் சோறு வடித்திருப்பான். ஞாயிறன்று பாடகர் குழு, பிறகு சண்டே ஸ்கூல், அதற்கும் பிறகு பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் வேலை. ஆராதனைக்கு அவள் வந்து சேர்வது இரண்டாம் பாட்டுக்குத்தான். சபையாருக்கு அது பழகிப்போய்விட்டது.

செய்தியைக் கேட்டதும் அமலாவுக்குத்தான் குஷி.

“நான் முன் பெஞ்சுல உக்காந்து கேக்கப் போறேம்மா. ரெண்டு வருசமா என் ஆன்வல் டேக்கு நீ வரல. அதையும் சொல்லுவியா?”

“அது வந்து… டூட்டி…”

“பொய் சொல்லக் கூடாதுன்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறதே நீதானே?”

மாணிக்கராஜ் சிரிப்பை மறைக்கத் தண்ணீர்ச் சொம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். லூயிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சபையில் இருநூறு பேர் இருந்தாலும் சமாளித்துவிடலாம். அந்த முன் பெஞ்சைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

பிரசங்கம் ரயிலில்தான் உருவானது. தினமும் எதிர் சீட்டில் வருகிற பாப்பம்மா, பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிறவள், உரிமையோடு தாளை வாங்கிப் படித்தாள்.

“இன்னா லூயிசா இது? ‘ரயில் ஏறியதும் ஒரு மணி நேரம் ஜெபத்தில் தரித்திருப்பேன்’னு எழுதினு கீற? நீ பங்காரப்பேட்டை வர்றதுக்குள்ள தூங்கிடுவியே. வாயத் தொறந்துனு தூங்குறத நான் டெய்லி பாத்துனுதானே கீறேன்?”

“கண்ண மூடி ஜெபம் பண்ணினு இருப்பேன்க்கா.”

“ஜெபத்துக்குக் கூட கொறட்டை வுடுவாங்களா உங்க சபையில?”

பெட்டி முழுக்கச் சிரித்தது. லூயிசாவும் சிரித்தாள். ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை. அடித்தால் பிரசங்கத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் கடைசி வரியையும் எழுதி, நாலாக மடித்து, யூனிஃபார்மின் வலது பையில் வைத்தாள். இடது பையில் வழக்கம்போல ஹேண்டோவர் குறிப்பு. ஷிஃப்ட் முடிகிறபோது எந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று, என்ன பாக்கி என்பதையெல்லாம் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நர்ஸ் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதற்காக அவள் கிறுக்கி வைக்கும் தாள் அது. அதுவும் அதே வெள்ளைத் தாள்தான், நாலு மடிப்புதான்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டாள். மாணிக்கராஜுக்கு மனசு இளகியது. நாளைக்குப் பெரிய நாள், துணியாவது ஊறட்டும் என்று யூனிஃபார்மை எடுத்தான். இடது பையில் தாள் தட்டுப்பட்டது. பத்திரமாக எடுத்து, பிரிக்காமல் அவளுடைய பைபிளுக்குள் வைத்தான். பிறகு யூனிஃபார்மை சோப்புத் தண்ணீரில் அமுக்கினான். ஒரு பையைப் பார்த்த மனிதன் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். ஆனால் கணவன்மார் செய்கிற உதவி பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும்.

மறுநாள் அதிசயமாக முதல் பாட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள். முன் பெஞ்சில் அமலா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். லூயிசா மேடையேறி, பைபிளைத் திறந்து, தாளைப் பிரித்தாள். பத்தொன்பது வருட நர்ஸ் பழக்கம். கண்ணில் பட்டதை வாய் படித்துவிட்டது.

“மூணாம் பெட். காலைல ரெண்டு இட்லி சாப்ட்டாரு. மூணு நாளா மோஷன் போகல.”

சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாருக்கும்மா?” என்று கவலையோடு கேட்டார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானமுத்து. அவ்வளவுதான், சபையே குலுங்கியது. பாடகர் குழுவில் ஒருத்தி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். மாணிக்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் அவன் நினைவுக்கு வந்துவிட்டது.

லூயிசா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. காது சுட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று அமலாவைப் பார்த்தாள். அமலா கையைக் கட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி வைத்திருந்த அத்தனை வரிகளும் லூயிசாவுக்கு மனப்பாடம்தான். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் அதில் ஒரு வரியும் வெளியே வரவில்லை.

“மன்னிச்சிடுங்க. இது என் வார்டு ஹேண்டோவர்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். “ஹேண்டோவர்ல ரெண்டே விஷயம்தான் சொல்லணும். இன்னா முடிஞ்சது, இன்னா முடியல. முடியாததை மறைச்சா அடுத்த ஷிஃப்ட்ல யாருக்காவது ஆபத்து.”

“சுரங்கத்துல எங்கள இறக்குற கேஜ் வாயிலயும் அப்படித்தாம்மா!” என்றார் ஞானமுத்து. “மேல வர்றவன் சொல்லாம நாங்க ஒருத்தனும் கீழ இறங்க மாட்டோம்.”

“அப்போ என் ஹேண்டோவரயும் கேளுங்க. முடிஞ்சது: என் வார்டுல யாருக்கும் மருந்து தவறல. வீட்ல யாரும் பட்டினி கிடக்கல. முடியாதது…” அவள் குரல் இறங்கியது. “ரயில்ல ஜெபம் பண்றேன்னு எழுதி வெச்சிருந்தேன். நான் தூங்குறேன். சண்டே ஸ்கூல் பாடத்த அன்னிக்குக் காலைலதான் படிக்கிறேன். ஐக்கியத்தோட மினிட்ஸ் நோட்டு மூணு மாசமா எழுதல. என் பொண்ணு ரெண்டு வருசமா மேடைல பேசுறா, நான் ஒரு தடவைகூடப் பாக்கல. மூணும் சமமா கீதுன்னு சொன்னா அது பொய். என்னால தனியா முடியல. இதுல எதையாவது யாராவது எடுத்துக்கறீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பாஸ்டரம்மா சுனிதா எழுந்தார்.

“நான்தான் சிஸ்டர் ஒங்க தலையில எல்லாத்தையும் கட்டினது. சண்டே ஸ்கூல மாசத்துல ரெண்டு வாரம் நான் எடுத்துக்கறேன்.”

“மினிட்ஸ் நோட்டு எழுத ஆம்பளைய சேத்துப்பீங்களா? என் கையெழுத்து நல்லா இருக்கும்” என்றார் ஞானமுத்து.

கடைசி பெஞ்சிலிருந்து மாணிக்கராஜ் கையைத் தூக்கினான். “துணி துவைக்கிறது இனிமே நான்.”

“ரெண்டு பாக்கெட்டயும் பாத்துட்டு!” என்றாள் லூயிசா. மறுபடியும் சபை குலுங்கியது. பெண்கள் ஞாயிறில் அத்தனை சிரிப்பை அந்த ஆலயம் பார்த்ததில்லை என்று வெளியே வந்து எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அமலா மட்டும் எதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பெண்ணைச் சபை நடுவில் இழுத்துவிட்டோமே என்று லூயிசாவுக்கு அன்று முழுவதும் உறுத்தியது. கேட்கப் பயந்து, கேட்காமலே இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ரயில் கோரமண்டலைத் தாண்டியபோது, தண்ணீர் பாட்டிலுக்காகச் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டாள். நாலாக மடித்த தாள் ஒன்று தட்டுப்பட்டது. அமலாவின் கையெழுத்து.

‘ஹேண்டோவர். முடிந்தது: அம்மா பொய் சொல்லவில்லை. பாக்கி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்வல் டே. நான் கன்னடத்தில் பேசுகிறேன். இதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.’

லூயிசா இரண்டு முறை படித்தாள். உடனே போனை எடுத்து வார்டில் தன்னோடு வேலை செய்யும் பவ்யாவைக் கூப்பிட்டாள்.

“பவ்யா, வெள்ளிக்கிழமை நான் வர மாட்டேன். என் ஷிஃப்ட்ட நீ எடுத்துக்கோ, ஒன்னோட ஞாயித்துக்கிழமைய நான் பாக்கறேன்.”

“ஞாயித்துக்கிழமையா? சர்ச் இல்லியாக்கா?”

“அங்க ஆள் கீறாங்க. இதுக்குத்தான் வேற ஆள் இல்ல.”

போனை வைத்துவிட்டுத் தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். எதிர் சீட்டில் பாப்பம்மா குறட்டைக்காகக் காத்திருந்தாள். பங்காரப்பேட்டை வந்தது, போனது. லூயிசா தூங்கவில்லை.