பெரிய எழுத்து, சின்ன எழுத்து

"அப்பா, இங்கிலீஷ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ரெண்டு இருக்கே, தமிழ்ல மட்டும் ஏன் இல்ல?"

பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயதில் மகள் இப்படிக் கேட்டாள். "நம்ம எழுத்துகளுக்குள்ள பொறாமை கிடையாதும்மா. அதான்" என்று சொல்லிச் சிரித்தார் பெரிய மாப்பிள்ளை. சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனார்.

அவர் மாமனாரின் மூத்த மகளைக் கட்டியவர். மாமனாருக்குக் கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை. மரத்தூள் வாடை வீசும் முன்னறையில் கணக்கு, தொலைபேசி, இணையதளம் மூன்றும் இவர் பொறுப்பு. இணையதளம் இவர் கையால் கட்டியது. ஒவ்வொரு கதவையும் தானே படமெடுத்து, மனம் போன போக்கில் பெயர் வைத்து ஏற்றியிருந்தார்.

இளைய மகளைக் கட்டிய சகலை பட்டறைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சின்னவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் வெறுப்பதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

தளம் ஆமையாக நகர்கிறது, வேறு சர்வரில் இடம் பிடித்துக் குடிவைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது மாமனார் இருவரையும் கூப்பிட்டார். இப்போது போலவே விண்டோஸில் ஓடுகிற இடமே போதும், பழகியது என்றார் இவர். சின்னவர் லினக்ஸ் என்றார். அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. வாடிக்கையாளரே அளவு கொடுத்துக் கதவு கேட்பதற்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த மென்பொருளும் அதில்தான் நன்றாக ஓடுமாம்.

மாமனார் தாடையைத் தடவினார். "நாம விக்கிறதே ஜன்னல். இவரு நம்ம ஜன்னலையே கழட்டச் சொல்றாரு. சரி, கழட்டிப் பாருங்க மாப்பிள்ளை."

அந்த 'மாப்பிள்ளை' தன்னைப் பார்த்துச் சொன்னது அல்ல என்பது இவருக்குப் புரிந்தது. வீட்டில் மனைவி வேறு, "மாறினது ஜன்னல்தானே, உங்க மூஞ்சி ஏன் இப்படி இருட்டுது?" என்று குத்தினாள்.

இவருக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருந்தாலும் சின்ன எழுத்து இருந்தாலும் விண்டோஸுக்கு ஒன்றே. லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு. இவர் படங்களின் ஆங்கிலப் பெயர்களையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தார். பக்கங்களுக்குள் அதே பெயர்களைச் சின்ன எழுத்தில் குறித்திருந்தார். பழைய இடத்தில் அந்தக் கவனக்குறைவு வெளியே தெரியவில்லை. புது இடத்துக்குப் போனால் கதவு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பட்டால்தான் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டார்.

இடமாற்றம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. விடுதி ஒன்று முழுவதற்கும் கதவு வாங்க ஒப்பந்தக்காரர் ஒருவர் அன்று பிற்பகலில் வருவதாக இருந்தது. மாமனார் தளத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். சின்னவர் தான் புதிதாகச் செய்த முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார், பளிச்சென்று இருந்தது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி இவர் முன்னால் வைத்தார்.

"உங்ககிட்டயும் இருக்கட்டும்ணா."

"எனக்கு எதுக்கு? இனிமே எல்லாம் நீங்கதானே."

அந்தக் குத்தல் சின்னவருக்கு உறைக்கவில்லை. "உள்ள இருக்கற பக்கத்தையெல்லாம் நான் திறந்துகூடப் பாக்கலண்ணா. நீங்க செஞ்சதாச்சே, தப்பா இருக்குமா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரம்பம் நின்றது. பட்டறையே காலியானது. பெரியவர் உள்பக்கம் ஒன்றைத் திறந்தார். கதவுகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். முதலில் கற்கண்டாக இனித்தது. இரண்டாவது பக்கத்தைத் திறந்தபோது பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது.

போன வருஷம் தளத்தின் பெயரைக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க இவர் மறந்ததில் தளமே காணாமல் போயிற்று. மாமனார் சிவந்த முகத்தோடு வந்து நின்றபோது, "வெளியில ஏதோ கோளாறு மாமா, வந்துடும்" என்று சொன்னவர் சின்னவர். அன்றே அதைப் புதுப்பித்துவிட்டு, என்ன நடந்தது என்று இவரிடம்கூடக் கேட்கவில்லை. தன் மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கை காதிலிருந்து அக்கா காதுக்கு வந்து, அன்றைக்கே இவர் தலையில் விடிந்திருக்கும். அந்த மௌனத்தின் நிழலில்தான் ஒரு வருஷமாகத் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதை நினைக்க இத்தனை நாள் மனம் வரவில்லை. பொறாமைக்குக் கண் மட்டும்தான் உண்டு, நினைவு கிடையாது.

சின்னவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தாளைப் பார்த்துப் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனார். படங்களின் பெயர்களில் தலைதூக்கி நின்ற பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சின்னதாக்கினார். ஒன்றைத் திருத்த ஒரு கதவு வந்தது. இன்னொன்றைத் திருத்த ஜோடிக் கதவு வந்தது. நடுவில் மகளின் கேள்வி ஞாபகம் வந்தது. அவளுக்குச் சொன்ன பதிலும் வந்தது. அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த மாமனார் வீட்டிலிருந்து தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது.

கடைசிப் படமும் தெரிந்த பிறகு எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தார். தளத்தின் உள்ளிருந்து வெளியேறி, கணினியைச் சின்னவர் விட்டுப்போனபடியே முதல் பக்கத்தில் நிறுத்தினார். நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பிடக் கை கழுவப் போனார்.