ஒன்பதாம் பாத்திக் கதிர்

சோளத்தில் நஞ்சு உண்டு என்பது சிவசங்கரிக்குத் தெரியாத விஷயமல்ல. இளம்பயிரை, அதுவும் தண்ணீர் காணாமல் வாடிய இளம்பயிரை, மாடு தின்றால் செத்துப்போகும் என்று வேளாண் படிப்பின் முதலாண்டிலேயே படித்துத் தேர்வும் எழுதியவள். படித்த பாடம் ஒருநாள் நேரில் வந்து நிற்கும் என்று யார்தான் நினைக்கிறார்கள்?

அன்று காலை ஆய்வுக்கூடத்திலிருந்து ரஞ்சித் போன் செய்தான். ஜவ்வாது மலையில் அவள் பயிரிட்டிருந்த இருபது சோள வகைகளில், ஒன்பதாம் பாத்தியின் இலையில் மட்டும் நஞ்சு பல மடங்கு இருக்கிறதாம். மறுபடி சோதித்தும் அதேதானாம். தீவனத்துக்கும் விதைக்கும் எது தேறும், வகைக்கு வகை எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதில் அவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதே அந்த ஒன்பதைத்தான். தண்டு இனிப்பு, கதிர் கனம். முற்றிய கதிரை அறுத்தபோது கையில் பிடித்துப் போட்டோகூட எடுத்துக்கொண்டாள். அறுத்த கட்டையில் துளிர்த்த இலைகளைத்தான் இப்போது சோதனைக்கு அனுப்பியிருந்தாள். அறுவடைக்குப் பிறகு மலையில் மழையே இல்லை.

கலசப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் மலைக்குக் கிளம்பியவளுக்கு வழி முழுக்க வேலி நினைப்புதான். முள் எங்காவது சரிந்திருந்தால்? ஒரே ஒரு மாடு தலையை உள்ளே விட்டிருந்தால்? அந்த ஊர் மாடுகளுக்குச் சாமை வைக்கோலும் காட்டுப்புல்லும்தான் தெரியும். சோளத்துக்குப் பயப்பட அங்கே யாருக்கும் பழக்கமில்லை. அவளும் சொல்லிவைக்கவில்லை. வேலிக்குள் இருப்பது தன் பயிர்தானே என்று இருந்துவிட்டாள்.

வேலி அப்படியே இருந்தது. படலைக் கட்டிய கயிறுகூட அவிழவில்லை. துளிர் எதிலும் மாடு கடித்த தடம் இல்லை. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நிலத்துக்காரி மங்கம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டுப் போகலாம் என்று நடந்தாள்.

வீட்டு வாசலில் ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பாத்திரம் கழுவிய கொஞ்சநஞ்சத் தண்ணீர் போகும் இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சோளம் வாடி நின்றது. இலையின் நடு நரம்பு கருஞ்சிவப்பு. அந்த நரம்பு ஒன்பதுக்கு மட்டும்தான் உண்டு. ஒரு ஓரம் புதிதாக அறுபட்டிருந்தது.

அறுக்க வந்தவர் தனக்குப் பிடித்த ஒரு கதிரை மடியில் கட்டிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. கிளிக்குப் பயந்து கதிருக்கெல்லாம் பை மாட்டி, பன்றிக்கு முள் போட்டு, மனிதருக்குப் பலகை எழுதி வைத்த மகராசிக்கு இது மட்டும் தெரியவில்லை. எது நல்ல கதிர் என்று பார்க்க மங்கம்மாளுக்கும் கண் இருந்தது. அறுக்க வந்த அவளும் ஒன்பதைத்தான் எடுத்துப்போய் விதைத்திருந்தாள்.

அரிவாளோடு வந்த மங்கம்மாள், "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?" என்றாள்.

"மாட்டுக்குப் போட்டீங்களாக்கா?"

"இப்பத்தான் ஒரு பிடி போட்டேன். நல்லா தின்னுது."

தொழுவத்தில் மங்கம்மாளின் சினைப்பசு நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. சிவசங்கரி எதிரில் கிடந்த தழையை வாரி எறிந்தாள். அவள் சொல்லச் சொல்ல மங்கம்மாள் வெல்லத்தைக் கரைத்துப் புகட்டினாள். பசு முன்னங்கால் மடங்கி விழுந்தது. நல்லவேளை, தடுப்பூசி போட வந்த மாட்டு டாக்டர் பக்கத்து ஊரில்தான் இருந்தார். போன் செய்ததும் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். மங்கம்மாள் பசுவின் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சிவசங்கரிக்கு அவள் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை. அந்தப் பசு போனால் அவள் வீட்டில் வேறு பசு இல்லை.

வெகுநேரம் கழித்துப் பசு தலையைத் தூக்கியது. பிறகு தடுமாறி எழுந்தது. கன்று உள்ளே அசைகிறது என்று சொல்லி மங்கம்மாள் அழுதாள். சிவசங்கரியும் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஒரு கதிரில் எத்தனை விதை இருக்கும் என்று.

"மிச்ச வெதை எங்கக்கா?"

மங்கம்மாள் எழுந்து நின்றாள். "வெதை கேட்டு வந்தா இல்லன்னு சொல்லக்கூடாது பாப்பா. கேட்டவங்களுக்கெல்லாம் குட்த்தேன்."

டாக்டரைப் பசுவோடு விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் கொல்லையிலும் அதே கருஞ்சிவப்பு நரம்பு. நல்லகாலம், அறுக்க ஆரம்பிக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட ஈஸ்வரி, தான் வளர்த்ததைத் தானே வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டாள். பிறகு கையை உதறியவள் அப்படியே நின்றாள்.

"காவலூர்லேந்து எங்க அண்ணி வந்திருந்தாங்க. மாட்டுக்கு நல்லாருக்கும்னு அவங்களுக்கும் அப்பவே ஒரு பிடி வெதை கட்டிக் குட்த்தேனே."

"அவங்க வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்களாக்கா?"

ஈஸ்வரி, இது என்ன கேள்வி என்பதுபோல் சிவசங்கரியைப் பார்த்தாள். "கேட்டவங்களுக்குக் குட்த்திருப்பாங்க."

சிவசங்கரி காவலூருக்கு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஊருக்குள் விதை வாங்கியவர்களிடம் சொல்ல ஈஸ்வரி ஓடினாள். மங்கம்மாள் அரிவாளைக் கீழே வைக்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் எதிரே வந்துகொண்டிருந்தன. எல்லா வீட்டிலும் தழை போடும் நேரம்.