ஒற்றை டயர் செருப்பு

அந்தப் புத்தகம் கடைக்கு வந்த வாரம் முடிவதற்குள், செத்துப்போன அப்பாக்களின் செருப்புகள் பிள்ளைகளின் வீட்டு வாசலில் வந்து கிடக்க ஆரம்பித்தன. வாங்கிய எல்லோருக்கும் வரவில்லை. படித்தவர்களுக்கு மட்டும், அவர்களிலும் சிலருக்கு மட்டும் வந்தன. முதல் ஜோடி பேருந்துப் பணிமனையில் பஞ்சர் ஒட்டுகிறவரின் வீட்டுக்கு வந்தது. காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தவர், படிக்குக் கீழே பழுப்புத் தோல் செருப்பு கிடப்பதைப் பார்த்தார். இடது வார் அறுந்துபோய்க் கம்பியால் முறுக்கியிருந்தது. அந்தக் கம்பியை முறுக்கியது யார் என்பதும், அதன் முனை தன் முதுகில் எங்கே கிழித்தது என்பதும் அவருக்குத் தெரியும். பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், "வாசல்ல எங்கப்பா செருப்பு கிடக்குது, யாரும் எடுத்துப் போட்டுடாதீங்க" என்றார். அவர் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமல், "அவருக்கும் சேர்த்து டீ போடணுமா?" என்று கேட்டாள். "செருப்பு மட்டும்தான் வந்திருக்கு" என்றார்.

புத்தகத்தை எழுதியவள் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலையில் தலை நரைத்தவள். ஊரில் அவளுக்குச் சில்லு என்று பெயர். வேலையை விட்டு நின்ற வருடத்தில், பேச ஆளில்லாமலோ என்னவோ, தன் சின்ன வயதை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் அப்பா சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கியவர். லாரி டயரை வெட்டித் தைத்த செருப்புதான் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் செருப்பு வாசலில் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டு நேராகக் கிடந்தால் பயமில்லை. ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் கிடந்தால் சத்தம் போடாமல் உள்ளே போகலாம். கவிழ்ந்து கிடந்தால் உள்ளே போகவே கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அவளும் அவள் அக்காவும் செருப்பைப் படிக்கக் கற்றிருந்தார்கள். புத்தகத்தின் பெயரே ‘செருப்பு இருக்கா பாரு’ என்பதுதான். இந்தப் பாஷை தங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த பலர், பக்கத்து வீட்டிலும் இதே பாஷைதான் ஓடியிருக்கிறது என்று அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பிஸ்கட் கம்பெனி சூப்பர்வைசர், "சுத்தப் புளுகு, எங்கப்பா என்னை அதட்டினதுகூட இல்ல" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் அவர் வாசலில் முகம் பார்க்கும் அளவுக்குப் பாலீஷ் போட்ட கறுப்பு பூட்ஸ் நின்றது. அதன்பிறகு அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் பொட்டலம் கட்டும் பெண்களிடம் கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பல் டாக்டர் அம்மாளின் வாசலுக்கு அவர் தாயாருடைய குதிகால் உயர்ந்த செருப்பு வந்தது. சிலர் செருப்பைக் கால்வாயில் எறிந்தார்கள். விடிவதற்குள் அவை ஈரத்தோடு நடந்து திரும்பிவந்தன, தெருவில் தடம் தெரிந்தது. செருப்புத் தைக்கிறவர் எதையும் பழுது பார்க்க மறுத்துவிட்டார். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று சில்லுவைத் திட்டியவர்களுக்கும் குறைவில்லை. அவர்களுக்குத் தோதாக ஒரு விஷயம் இருந்தது. எழுதியவளின் வாசலில் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது, இடது கால் டயர் செருப்பு. "எழுதினவளுக்கே ஒத்தைதான் வந்திருக்கு. அப்ப பாதி பொய்னுதானே அர்த்தம்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஊரில் உயிரோடு இருந்த ஒருவரின் செருப்பும் இதில் மாட்டிக்கொண்டது. ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தபோது செருப்பைக் காணோம். அது தெருத்தெருவாக, அவரிடம் படித்தவர்களின் பல வாசல்களில் ஒரே நேரத்தில் கிடந்தது. புதிதாக வாங்கிப் போட்டார், அதுவும் போய்விட்டது. பிறகு அவர் வெறுங்காலோடு நடப்பது ஊருக்குப் பழகிவிட்டது.

இவ்வளவு நடந்தும் ஒரு வாசல் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அது சில்லுவின் அக்கா வீடு. அக்கா தையல்கடை வைத்திருந்தாள். முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். கணவன் காலமாகிப் பல வருடம். ஊரே அவளை டெய்லரக்கா என்றது. இடது முழங்கை முழுதாக நீளாது. சின்னதில் உடைந்து, சரியாகக் கூடாமல் போன எலும்பு. அதனால் துணியை விரலால் தள்ளாமல் மணிக்கட்டால் நகர்த்தித் தைப்பாள். அப்படியும் அவள் தைத்த தையலைப் பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும் என்பார்கள்.

புத்தகத்தின் முதல் பிரதியைத் தங்கை அவளிடம்தான் கொண்டுவந்தாள்.

"படிச்சுப் பாருக்கா."

"எனக்குத் தெரியாததையா நீ எழுதியிருக்கப் போற?"

"தெரியாதது ஒண்ணு இருக்கு."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். "உன்மேல ஒரு அடி விழ விட்டேனா நான்? நெஞ்சில கைவச்சுச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தடி இத்தனை பக்கத்துக்கு எழுதி வச்சிருக்க?"

தங்கை எழுந்து போனாள். மெஷினின் பின்கால் ஒன்று கட்டை, வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா புத்தகத்தை அதற்கு அடியில் சொருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது, மெஷின் ஆடுவதும் நின்றது.

அப்பாவின் பெயர் கெட்டது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு காரியம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக முதலில் வீட்டுக்கு வந்துவிடுவாள். செருப்பு கவிழ்ந்து கிடந்தால், தலையிலிருந்து நீல ரிப்பனை அவிழ்த்து வாசல் கேட்டின் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போவாள். ரிப்பன் இருந்தால் சின்னவள் வரக்கூடாது, தெருமுனையில் விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே எல்லாம் அடங்கி அப்பா தூங்கியபின் வந்து அவிழ்ப்பாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் பையை ஆட்டிக்கொண்டு, "சாப்பிட என்னக்கா இருக்கு?" என்று சிரித்த முகத்தோடு வருவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்கு வலி பாதி போய்விடும். இதுக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வாள். இப்போது அவளே, ஒரு அடிகூட வாங்காதவள், வாங்கினேன் என்று ஊருக்கெல்லாம் எழுதினால், தான் கட்டிய அத்தனை ரிப்பனும் என்னத்துக்கு?

தைக்கும்போது அவளுக்கு நல்ல நாட்கள்தான் ஞாபகம் வரும். அவையும் பொய்யில்லை. செருப்பு நேராகக் கிடக்கும் சாயங்காலங்களில் அப்பா தோளில் சிமெண்ட் தூளோடு படியில் உட்கார்ந்து, அந்தப் பாரம் தூக்கிய கையால் இருவருக்கும் சிக்கெடுத்துத் தலைவாரி விடுவார். ஒரு முடி அறுந்தாலும், "ஐயையோ, வலிச்சுதா?" என்பார். செருப்பின் டயர் வரிகளில் சிமெண்ட் இறுகி, தட்டினால் வரிவரியாக உதிரும். சின்னவள் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி மிட்டாய்க் கடை வைப்பாள். அதனால்தான் அப்பா அவளைச் சில்லு என்று கூப்பிட்டார். வாங்குகிற ஒரே ஆள் அப்பாதான், அவரும் கடன்தான் சொல்வார். பிறகு அந்தச் செருப்பை ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, இடது தங்கைக்கு, வலது அக்காவுக்கு, தோளில் கைபோட்டு வாசலைச் சுற்றி நொண்டுவார்கள். படகில் நிற்கிற மாதிரி கால் அதில் நீந்தும். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இத்தனை வருடத்துக்குப் பிறகும் டெய்லரக்கா மெஷின் சத்தத்துக்குள் கேட்பாள்.

ஆனால் ஊர் அவளை நினைத்துக்கொண்டிருக்க விடவில்லை. பேருந்தில் கண்டக்டர் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தார். காய்கறிக்காரம்மா பையைத் தானே தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் அவளுடைய இடது கையையே பார்த்தார்கள். ஒருத்தி அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றாள். "நீ அளவு கொடுக்க வந்தியா, எனக்கு அளவு எடுக்க வந்தியா?" என்று அக்கா கையை உருவிக்கொண்டாள். நீங்க படிக்கலியாக்கா என்று யாராவது ஆரம்பித்தால், அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்படி ஒரு வருடம் போனது. ஒரு நாள் டிரில் வாத்தியார் வெறுங்காலோடு கடைக்கு வந்தார். கெட்டித் துணியில், காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற மாதிரி, ஓடிப்போகாத செருப்பு ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"உன் வாசல்தாம்மா சுத்தமா இருக்கு. உங்கப்பனும் என்னை மாதிரிதான். நாலு அடி போடுவான், ஆனா நல்ல மனுஷன். நமக்குத் தெரியும். உன் தங்கச்சிதான் வாய் கூசாமப் பொய் எழுதிட்டா."

டெய்லரக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள்.

"அவளைப் பொய்க்காரின்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு வாத்தியாரே. நீங்க கிளம்புங்க. பார்த்துப் போங்க, வெளியில ஊசி கிடக்கும்."

அவர் போனதும் கடையைச் சாத்தினாள். மெஷினை ஒருக்களித்துப் புத்தகத்தை உருவினாள். மேலட்டையில் மெஷின் காலின் வட்டம் பதிந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழாமல் படித்தாள். தங்கை தன்மேல் அடி விழுந்ததாக எங்கேயும் எழுதவில்லை. ரிப்பனைப் பார்த்த நாட்களில் தெருமுனைக்குப் போகவில்லை என்றுதான் எழுதியிருந்தாள். வீட்டுக்குப் பின்பக்கம் சுற்றி வந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொள்வாளாம். அழுகை வெளியே கேட்காமலிருக்கப் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொள்வாளாம். அக்கா உள்ளே தனியாக இருக்கக்கூடாது என்று அப்படி உட்கார்ந்திருந்தாளாம். ரிப்பனை அவிழ்த்ததும் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவி, முன்பக்கம் வந்து, பசியே இல்லாமல் சாப்பிட என்ன இருக்கு என்று கேட்பாளாம். அப்படிக் கேட்டால் அக்காவின் முகம் தெளியும் என்று கண்டுபிடித்திருந்தாளாம். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. ‘என்மேல் ஒரு அடிகூட விழவில்லை. எல்லா அடியும் எனக்குக் கேட்டது.’

அப்போது வாசலில் தொப்பென்று ஏதோ விழுந்தது. அவள் கதவைத் திறந்தாள். வலது கால் டயர் செருப்பு, கவிழ்ந்து கிடந்தது. வரிகளுக்குள் சிமெண்ட் அப்பியிருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. அவள் கடைக்குள் போய், ரிப்பன் சுருள்களில் நீலத்தை எடுத்து ஒரு முழம் வெட்டி, கேட்டின் கம்பியில் கட்டிவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

பேச்சு நின்றதிலிருந்து தங்கை தினமும் சாயங்காலம் அந்தத் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்க்க இல்லை, கேட்டைப் பார்க்க. அன்றும் வந்தாள். ரிப்பனைப் பார்த்து நின்றாள். பிறகு கேட்டைத் திறந்து முன்பக்கமாகவே உள்ளே வந்தாள்.

"ரிப்பன் கட்டியிருந்தா வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றாள் அக்கா.

"நான் எப்பக்கா கேட்டிருக்கேன்?"

தங்கை கைப்பையிலிருந்து இடது செருப்பை எடுத்தாள். எங்கே விட்டாலும் பின்னாலேயே வருகிறது என்று, தெருவில் போகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்க வேண்டாமே என்று, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாளாம். வலதைத் திருப்பி நிமிர்த்தி, இடதைப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். பிறகு அக்கா, கட்டைவிரலால் பயந்து பயந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வலதுக்குள் காலை நுழைத்தாள். தங்கை இடதுக்குள் நுழைத்தாள். தங்கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்குக் குதிகால் சற்று வெளியே நின்றது.

"அப்பாவுக்கு இவ்வளவு சின்னக் காலா?" என்றாள்.

தங்கை, "சாப்பிட என்னக்கா இருக்கு?" என்றாள்.

"நிஜமாப் பசிக்குதா?"

"நிஜமாத்தான்."

மெஷின் காலுக்கு மறுநாள் ஒரு மரக்கட்டை வைத்தார்கள். சில்லு அக்கா வீட்டுக்கே குடிவந்தாள். தைத்து முடித்த துணிகளுக்குப் பொத்தான் தைப்பது அவள் வேலையானது. ஊரில் மற்றவர்களும் தங்கள் வாசல் செருப்புகளோடு பழகிவிட்டார்கள். பெருக்கும்போது ஓரமாகத் தள்ளினார்கள், மழை வந்தால் சிலர் அப்படியே நனைய விட்டார்கள், சிலர் சாக்கு போட்டு மூடினார்கள். டிரில் வாத்தியார் மட்டும் கடைசிவரை வெறுங்காலோடுதான் நடந்தார். டெய்லரக்கா வீட்டு டயர் செருப்பு சில காலைகளில் கவிழ்ந்து கிடக்கும். முதலில் எழுகிறவள் அதைக் காலால் நிமிர்த்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள்.

புதிதாக மாற்றலாகி வந்த மின்வாரியக்காரர் ஒரு நாள் மீட்டர் பார்க்க வந்து, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துத் தயங்கி நின்றார். "வீட்ல ஆம்பளை யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

டெய்லரக்கா தையலிலிருந்து தலை தூக்கவில்லை.

"எங்கப்பா இருக்காரு. ஆனா வெளியிலதான். நீங்க வாங்க."