கேட்ட அளவு வராது

லுசாகா நகரில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடு எழுதுபவள் முத்திந்தா. அங்கே நிரல் எழுதும் சிலுஃப்யா அவளுக்குக் கல்லூரி விடுதியில் அறைத்தோழி. வேலைக்கு வந்த பிறகும் மதியம் இருவருக்கும் ஒரே தட்டில்தான் நிஷிமா என்னும் மக்காச்சோளக் களி. கருவாட்டுக் குழம்பில் இரண்டு கைகளும் மாறி மாறி விழும்.

ஒரு நாள் பழைய கையேட்டில் ஒரு வரி முத்திந்தாவின் கண்ணை உறுத்தியது. 'கோப்பானாலும் நெட்வொர்க்கானாலும், கேட்ட அளவு பைட்டுகள் ஒரே வாசிப்பில் வந்துவிடும்.' தன் கணினியில் இருந்த கோப்பைப் படித்துப் பார்த்தாள், முழுசாக வந்தது. அதையே கைப்பேசி இணைப்பு வழியாக அனுப்பிப் படித்தாள், பாதிகூட வரவில்லை. பிழை என்று ஒரு முனகலும் இல்லை.

வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'நெட்வொர்க்கில் கேட்ட அளவு ஒரே வாசிப்பில் வரும் என்பதில்லை, அந்த நேரத்தில் வந்து சேர்ந்த அளவுதான் கிடைக்கும். எவ்வளவு வந்தது என்று பார்த்து, மீதிக்காகத் திரும்பத் திரும்பப் படியுங்கள். பூஜ்யம் வந்தால்தான் முடிந்தது.'

சிலுஃப்யா பார்த்துச் சரி சொன்னால்தான் பக்கம் வெளியே போகும்.

"நல்லா கண்டுபிடிச்சே டீ! நானே ஏத்திடறேன். நீ கல்யாணத்துக்குக் கிளம்பு," என்று கையைத் தட்டினாள் சிலுஃப்யா.

தம்பி கல்யாணம் முடிந்து மோன்ஸேயிலிருந்து திரும்பிய முத்திந்தா அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிலுஃப்யா சொன்னால் நடந்த மாதிரிதான்.

மழைக்காலம் தொடங்கியதும் சோமாவிலிருந்து போன் வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கணினி பார்க்கும் மூன்கா பேசினார்.

"உங்க கையேட்டுல இருக்கிற மாதிரியேதான்மா நிரல் எழுதினேன். மழை வந்து லைன் மந்தமானா, பட்டியல்ல கடைசியில இருக்கிறவங்களோட ரத்தப் பரிசோதனை முடிவு வர்றதே இல்ல. புள்ளத்தாச்சிங்க திரும்பவும் ஊசி குத்திக்க அலையறாங்க."

"அந்த வரியை நான் அப்பவே மாத்திட்டேனே!"

"என் கண்ணு முன்னாடி இருக்கும்மா. படிக்கட்டுமா?"

படித்தார். அதே பழைய வரி. "கீழே உங்க பேர்தான் இருக்கு" என்றும் சொன்னார்.

மேலாளர் லுபிண்டா எல்லோரையும் கூப்பிட்டார். "இதை யார் பார்க்காம விட்டது?"

முத்திந்தா சிலுஃப்யாவைப் பார்த்தாள். சிலுஃப்யா மேசையைப் பார்த்தாள்.

"கையேடு முத்திந்தா பொறுப்பு, ஐயா. திருத்தம்னு என்கிட்ட எதுவும் வரல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் முத்திந்தா எழுந்து சண்டை போட்டிருப்பாள்.

மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில், முத்திந்தா படிக்கட்டில் சிலுஃப்யாவை மறித்தாள்.

"வரலையா? கையத் தட்டினது யாரு டீ?"

"அந்தத் திருத்தத்தை நான்தான் எடுத்துட்டேன். போதுமா? அது வெளியே போனா, 'உங்க நிரல் அப்படித் திரும்பப் படிக்குதா'ன்னு முதல்ல கேப்பாங்க. படிக்கல. அதை எழுதினது நான். என்னைக் குழுத் தலைவி ஆக்கப்போற நேரம், முத்தி."

"அதுக்கு என் தலையில போட்டியா?"

"உன்னை என்ன வீட்டுக்கா அனுப்பிடுவாங்க? ரெண்டு திட்டு திட்டுவாங்க. நீ தாங்கிப்பேன்னு நெனச்சேன்."

எடுத்ததைவிட, பொய் சொன்னதைவிட, அந்தத் 'தாங்கிப்பே' தான் முத்திந்தாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே லுபிண்டாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நிறுவனத்தின் நிரலையே மந்தமான இணைப்பில் ஓட்டிக் காட்டினாள். வால் அறுந்த பட்டியல் திரையில் நின்றது. லுபிண்டா முகம் வெளுத்தது.

"யார் எடுத்தாங்கன்னு மாற்றப் பதிவுல தேடினா தெரிஞ்சிடும், ஐயா."

"தேட வேண்டாம்மா. வெளியே போனா நமக்குத்தான் அசிங்கம். முதல்ல சரி பண்ணுங்க."

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த நியாயம். திருத்தத்தை யாரையும் கேட்காமல் தானே ஏற்றினாள். மூன்காவைக் கூப்பிட்டு அவர் நிரலை மாற்றச் சொல்லி, பட்டியல் கடைசிப் பெயர்வரை வந்து சேரும்வரை போனை வைக்கவில்லை.

சிலுஃப்யா குழுத் தலைவியாகிவிட்டாள். தன் நிரலைச் சரிசெய்யும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. ஒரு காலையில் முத்திந்தாவின் மேசையருகே வந்து, ஒன்றுமே நடக்காத குரலில் கேட்டாள்:

"முத்தி, பூஜ்யம் வந்தா முடிஞ்சதுன்னு அர்த்தமா, இல்ல இன்னும் காத்திருக்கணுமா?"

முத்திந்தா தலையைத் தூக்கவில்லை.

"கையேட்டுல இருக்கு மேடம். படிச்சுக்கோங்க."