இருபத்து நாலு கிலோ

கதிர்மருந்து ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிறுமியை ஸ்கேன் படுக்கையில் ஏற்றிவிட அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோதுதான் ஸ்கேன் எடுக்கும் தராசக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இருபத்து நாலு கிலோ என்று எழுதியிருந்த பிள்ளை, வெறும் பையைத் தூக்கினாற்போல மேலே வந்துவிட்டாள்.

அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வந்ததே, எடை விஷயத்தில் யாரையும் நம்பமாட்டாள் என்பதால்தான். கட்டின புருஷனையே எடை பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். உடம்பில் ஏற்றும் கதிர்மருந்து எடைக்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும். அது போதாதென்று சிடி படம் எடுக்கும்போது பாயும் கதிர் வேறு. குழந்தை என்றால் இரண்டிலும் துளி அதிகமாகக்கூட விடமாட்டாள். இன்று காலை பார்த்து எடை மெஷினில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மருந்தோ நிமிஷத்துக்கு நிமிஷம் வீரியம் குறைந்துகொண்டே போவது. பெற்றவளுக்குத் தெரியாதா என்று தாயிடமே கேட்டு எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சிறுமியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தாள். தாய் அங்கே காத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. பாப்பா எவ்வளவு எடை?"

தாய் கைப்பையின் வாரை முறுக்கினாள். "இருபத்து நாலுதான்... போன தடவை."

"இப்போ?"

"தெரியாதுக்கா. பார்க்கறதையே விட்டுட்டேன். எடை இன்னும் கொறைஞ்சா கேன்சர் மருந்தை நிறுத்திடணும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. நிறுத்திட்டா அப்புறம் என்ன இருக்கு, சொல்லுங்க?"

தராசக்காவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. சொன்னது அவள் என்றாலும் எழுதியது இந்தக் கைதானே. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஸ்கேன் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"உள்ள போனதை இனிமே எடுக்க முடியாது" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தண்ணி நிறைய குடுங்க, அடிக்கடி பாத்ரூம் அனுப்புங்க. சிடி கதிரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைச்சு வைங்க. பாப்பா அசைஞ்சா திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், அதுக்கு இடம் குடுக்காதீங்க. முதல்ல சரியான எடையைச் சொல்லுங்க."

ஸ்கேன் அறை, வெளி அறை இரண்டின் சுவர்க் கடிகாரங்களையும் கழற்றி, பேட்டரிகளை உருவி எடை மெஷினில் போட்டாள். காலையிலேயே செய்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

சிறுமியை வெளியே அழைத்துவந்தாள். "ஏறு கண்ணு."

"செருப்போட ஏறினா கள்ளாட்டம்" என்று சிறுமி தானாகவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மெஷின் மேல் ஏறி, கையை ஒட்டிவைத்துக்கொண்டு ஆடாமல் நின்றாள். சின்ன ஜன்னலில் எண்கள் ஏறி இறங்கித் தடுமாறின. தராசக்கா எண்ணைப் பார்க்கக் குனிந்தாள். அதற்குள் சிறுமி முந்திக்கொண்டாள்.

"பத்தொம்பதும்மா! அது நல்லதா?"

தாய் திரும்பவில்லை. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும்தான் இருந்தது. மணி பார்ப்பவள்போல அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.