நடு நாற்காலி

டீச்சருக்குக் கோடை விடுமுறை உண்டு என்று நம்பித்தான் என் மகனுக்கு ஒரு டீச்சரைக் கட்டி வைத்தேன். பள்ளிக்கூடம் மூடிய கையோடு மருமகள் வந்து நின்றாள்.

"மாமா, ரெண்டு வாரம் பயிற்சி இருக்கு. எழுத்துப் பாடம் எடுக்கிறவங்க எல்லாரும் வரணுமாம்."

"பிள்ளைங்களுக்கு எழுதக் கத்துக் குடுக்கிறவ நீ. உனக்கு எவன் கத்துக் குடுக்கப் போறான்?"

"எழுதச் சொல்ற டீச்சர் தானும் எழுதிப் பாக்கணும்னு சொல்றாங்க. அப்பத்தான் பிள்ளைங்க கஷ்டம் தெரியுமாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வருஷக் கணக்காகச் சமைக்கிறவளைக் கூப்பிட்டு உலை வைக்கச் சொல்லிப் பார்ப்பானா எவனாவது? நான் மில்லில் வேலை பார்த்தவன். மேலே உட்கார்ந்திருப்பவன் பயிற்சிக்குக் கூப்பிட்டால் ஆளைக் கழிக்கப் போகிறான் என்றுதான் அங்கே அர்த்தம். அவள் வேலையோ இன்னும் தற்காலிகம். பயிற்சி நடத்துகிறவர்கள் நாலு நல்ல வார்த்தை சொன்னால் பள்ளிக்கூடம் திறந்ததும் நிரந்தரம் ஆகும். சொல்லாவிட்டால் அந்தச் சம்பளமும் போகும்.

அந்தச் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. என் மகனுக்கு வேலை போயிருந்தது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். மருமகள் அதை வெளியில் மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "அவருக்கு வெளியூர்ல வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். அவன் மானத்தை அவள் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

பேத்தி இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. புட்டியை வாயில் வைத்தால் என் சட்டையிலேயே துப்புவாள். அப்பனிடம் விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். ஆகவே பயிற்சிக்கு நானும் போனேன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

வாசல் காவலாளி முதல் நாளே வம்புக்கு வந்தான். "பெரியவரும் டீச்சரா?"

"ஆமா. பால் குடிக்கிற வகுப்புக்கு."

"எத்தனை பிள்ளைங்க உங்க வகுப்புல?"

"ஒண்ணுதான். அதுவே அடங்க மாட்டேங்குது."

அதற்கப்புறம் அவன் நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு அவன் நின்றான். ஆனாலும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேத்தி கத்துவாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தேநீர் இடைவேளையில் மருமகள் வெளியே வருவாள், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பாள், சட்டென்று உள்ளே ஓடிவிடுவாள். முதல் நாட்களில் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். பரீட்சை மாதிரிதான் இருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் என் மருமகள்.

மில்லில் விசாரணை என்றால் இப்படித்தான். சுற்றி அவர்கள், நடுவில் நீ. அவர்கள் பேசுவார்கள், நீ வாயைத் திறக்கக் கூடாது. என்னோடு தறி ஓட்டியவன் ஒருவன் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவன் தறியில் வேறு ஆள்.

உள்ளே ஒரு கண்ணாடிக்காரர், "தொடக்கம் நிக்கவே இல்ல" என்றார். இன்னொரு அம்மா, "நடுவுல எனக்குச் சலிப்பு தட்டிடுச்சு" என்றாள். யாரோ சிரித்தார்கள். மருமகள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மூக்கைத் துடைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏன்யா, ஒரு பொண்ணை நடுவுல உக்கார வெச்சு ஆளாளுக்குக் குத்துறீங்களே, நீங்கல்லாம் படிச்சவங்களா? பிள்ளைக்கு ராத்திரி பூரா காய்ச்சல். இவ கண்ணு மூடல. அந்தத் தூக்கத்துல எழுதினா எழுத்து எங்க நிக்கும்? இதுக்காக வேலையை விட்டுத் தூக்குவீங்களா? தூக்கினா நாங்க எதைத் திங்கிறது? எம் மவன் வேலை போயி சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கான். பொம்பளை மாதிரி அழுறான். இவ சம்பளத்துலதான்யா எல்லா வயிறும் நிறையுது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். என் தோளில் கிடந்த பேத்தி, நான் கத்தினது பெரிய வேடிக்கை என்று நினைத்து, கெக்கெக்கே என்று சிரித்தாள்.

பயிற்சி நடத்தும் அம்மா எழுந்து வந்தார். நரைத்த தலை, கைப்பையில் எப்போதும் நாலைந்து பேனா குத்தியிருக்கும். அதனால் காவலாளியும் நானும் அவருக்குப் பேனாக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் மெதுவாகப் பேசினார்.

"ஐயா, இது விசாரணை இல்ல. எழுதினதைப் படிச்சிட்டு எல்லாரும் இந்த நாற்காலியில உக்காருவோம். மத்தவங்க மனசுல பட்டதைச் சொல்லுவாங்க. எழுதினவங்க குறுக்க பேசக் கூடாது, கேட்டுக்கணும். எங்க வழக்கம் அது. நேத்து நான் உக்காந்தேன். என்னை இதைவிட மோசமாக் கிழிச்சாங்க."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தபடி, "கடைசிப் பகுதி ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்றார்.

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நடு நாற்காலியில் அப்படியே இருந்தாள். பேசக் கூடாது என்பது வழக்கம், பேசவில்லை. எல்லாரும் முடித்த பிறகு எழுதினவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாமாம். அவள் எழுந்து, "நன்றி" என்று அந்த வட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வந்து என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அந்தக் கதவு சாத்தின சத்தம் கூட மெதுவாகத்தான் இருந்தது.

நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கட்டிக் காத்ததை நான் நடுக்கூடத்தில் அவிழ்த்துப் போட்டேன். அதுவும் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். திட்டுவாள் திட்டுவாள் என்று பார்த்தேன். வீடு வரும் தெருமுனையில்தான் வாயைத் திறந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க மாமா. தாங்க மாட்டார்."

அவ்வளவுதான்.

மறுநாள் காய்ச்சல் எனக்கு என்று பொய் சொல்லிப் பார்த்தேன். "அப்ப பிள்ளைக்குப் பால்?" என்றாள். போனேன். முந்தின நாள் சலிப்பு தட்டிய அம்மா ஒரு பை நிறையக் குழந்தைத் துணி கொண்டுவந்து மருமகள் கையில் திணித்தாள். இன்னொருத்தர், "தம்பிக்கு எங்கயாவது சொல்லி வைக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். மருமகள், "இருக்கட்டும் சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தேன். காவலாளிக்கும் விஷயம் எட்டியிருந்தது. அவன் அன்றைக்குக் கேலி பேசவில்லை. கேலி பேசியிருக்கலாம்.

கடைசி நாள் மேலதிகாரி ஒருவர் வந்தார். ஆளுக்கொன்று படிக்க வேண்டும், அவர் கேட்பார். யாரை நிரந்தரம் ஆக்கலாம் என்பதும் அவர் கையில்தான் என்று காவலாளி சொன்னான். பேனாக்காரம்மா என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்காதீங்க ஐயா, பிள்ளையோட உள்ள வந்து உக்காருங்க" என்றார். மாட்டேன் என்றேன். மருமகள் திரும்பி, "வாங்க மாமா" என்றாள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தேன்.

அவள் முறை வந்தது. பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறாள் என்று படிக்கத் தொடங்கியதும் தெரிந்தது. ஒரு கிழவன். தோளில் ஒரு குழந்தை. ஜன்னல் வழியாக ஒரு நாற்காலியைப் பார்க்கிறான். கதவைக் காலால் தள்ளுகிறான்.

என் காது சுட்டது. எழுந்து ஓடியிருப்பேன். பேத்தி மடியில் தூங்கிப் போயிருந்தாள், அசைய வழியில்லை. அந்த இடம் வரப்போகிறது, மகன் பெயர் நாறப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கதையில் கிழவன் கத்தினான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான். இவள் தூங்கவில்லை என்றான். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. கதை முடிந்தது.

அவள் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் அதிகாரி பக்கம் திரும்பினார்கள். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"நடை நல்லா இருக்கு. குழந்தை சிரிக்கிற இடம் பிரமாதம். ஆனா அந்தக் கிழவரைத்தான் நம்ப முடியல. இவ்வளவு முரட்டுத்தனமா, முன்னபின்ன யோசிக்காம ஒரு மனுசன் இருப்பாரா? கொஞ்சம் மிகைதான்."

இருபது முப்பது டீச்சர்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கூடப் பரவாயில்லை. என் வாய் தானாகத் திறந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு அதிகாரி சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தாள். நானும் மூடிக்கொண்டேன்.

"நன்றி" என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "வேலை நிரந்தரம் ஆயிடுமாம்மா?"

"ஆயிடும்னு பேனாக்காரம்மா சொன்னாங்க."

அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"நான் அன்னிக்குச் சொன்னதுல பாதிதான் எழுதியிருக்க."

அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு நாளாகியிருந்தது.

"மீதியை அடிச்சிட்டேன் மாமா. அது நம்ம வீட்டு விஷயம்."

பஸ் வந்தது. கூட்டம். அவளுக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. எழுந்து என்னை உட்காரச் சொன்னாள். நான் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.